ராக் கலைஞர்களின் வாழ்க்கைக் கதைகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கே: அண்ணா, ராக் இசை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒரே ஒரு புத்தகம் படிப்பதென்றால் எது?

ப: ராக் பாடகி பாட்டி ஸ்மித் எழுதிய 'ஜஸ்ட் கிட்ஸ்', 2010. பெயர்தான் பாட்டி, 1967-இல் நியூயார்க் வந்து இறங்கும்போது அவருக்கு இருபது வயது. அவரும் பின்னாளில் பெரிய புகைப்படக்காரரான ராபர்ட் மேப்பிள்தார்ப்பும் சேர்ந்து பட்டினி கிடந்த கதை. அருங்காட்சியகத்துக்கு ஒரு டிக்கெட் எடுக்கத்தான் காசு இருக்கும். ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து வெளியே நிற்பவருக்குச் சொல்வார். காசு போட்டால் சின்னக் கதவு திறந்து சாப்பாடு தரும் கடையில் சாண்ட்விச் விலை ஏறியது தெரியாமல் பத்து சென்ட் குறைந்து பாட்டி முழிக்க, மீதியைப் போட்டவர் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க். அழகான பையன் என்று நினைத்துத்தான் உதவினாராம். பாட்டு தெரியாமலே படிக்கலாம்.

கே: ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிடார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸின் 'லைஃப்' முழுக்கப் போதைக் கதைதானா?

ப: போதை நிறையவே உண்டு. முதல் அத்தியாயமே 1975-இல் ஆர்கன்சாவில் போலீஸ் காரை மறித்த கதைதான். ஆனால் எனக்கு அந்தப் புத்தகம் கிடார் கம்பியைப் பற்றியது. தடித்த ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு மற்ற ஐந்தையும் ஜி, டி, ஜி, பி, டி என்று சுருதி சேர்ப்பதை அவர் விளக்குகிற பக்கங்களைப் படித்துவிட்டு, அன்று ராத்திரியே என் பழைய கிடாரில் கம்பியைக் கழற்றினேன். வருடக்கணக்கில் ஆறு கம்பியோடு மல்லுக்கட்டியும் வராத அவர்களின் 'ஹாங்கி டாங்க் விமன்' பாட்டு பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' மெட்டு தூக்கத்தில் வந்தது, டேப்பைப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் கிடார், மிச்சமெல்லாம் குறட்டை என்பதும் இதில்தான் வருகிறது.

கே: பாடகர் பாப் டிலனின் 'க்ரானிகிள்ஸ்' வாங்கி ஏமாந்துவிட்டேன். அவர் உச்சத்தில் இருந்த 1965, 66 பற்றி ஒன்றுமே இல்லையே?

ப: இல்லைதான். 1961 நியூயார்க்கிலிருந்து 1970-க்குத் தாவுவார், அப்புறம் 1989 நியூ ஆர்லியன்ஸ், கடைசியில் மறுபடி நியூயார்க். போதாததற்கு, மற்றவர்கள் எழுதிய வரிகள் ஆங்காங்கே கலந்திருப்பதை வாசகர்கள் கண்டுபிடித்தார்கள். தகவலுக்காகப் படித்தால் ஏமாற்றம்தான். ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்ந்து விடும் கதையாகக் கேட்டால் அபாரம்.

கே: பீட்டில்ஸ்?

ப: மார்க் லூயிசன், 'டியூன் இன்', 2013. தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல் போயும் 1962 டிசம்பரோடு முடிந்துவிடும், அதாவது அவர்களின் ஆரம்பகாலப் பாட்டு 'லவ் மீ டூ' இப்போதுதான் வந்திருக்கிறது! இதுவும் போதாது என்பவர்களுக்கு இன்னும் நீளமான இரண்டு பாகப் பதிப்பு இருக்கிறது. நான் அந்தக் கூட்டம்.

கே: மகளுக்குப் பதினைந்து வயது, டிரம்ஸ் கற்கிறாள். மோட்லி க்ரூ என்ற ராக் குழுவின் 'தி டர்ட்' கேட்கிறாள் சார்.

ப: போதையும் ஆபாசமுமான புத்தகம், அதைப் பரணில் போடுங்கள். நிர்வாணா குழுவில் டிரம்ஸ் வாசித்த டேவ் க்ரோல் எழுதிய 'தி ஸ்டோரிடெல்லர்' கொடுங்கள், கொஞ்சம் கெட்ட வார்த்தை உண்டு, பாதகமில்லை. மனிதர் டிரம்ஸ் பழகியதே தலையணையில் தட்டித்தான். பதினேழு வயதில் பள்ளியை விட்டு இசைக்குழுவோடு கிளம்பிவிடுவார், அம்மா வேறு பள்ளி ஆசிரியை. அந்தப் பகுதி வரும்போது உங்கள் சாமர்த்தியம்.

கே: அடுத்தவர் எழுதிய வரலாற்றை நம்பலாமா?

ப: எழுதியவரைப் பொறுத்தது. லெட் செப்பலின் என்ற ஆங்கிலேய ராக் குழுவைப் பற்றிய 'ஹாம்மர் ஆஃப் தி காட்ஸ்' படுசுவாரஸ்யம், ஆனால் பாதிக்கதை அவர்களின் சுற்றுப்பயண மேலாளர் சொன்னது, குழுவினரே அதை ஒப்புக்கொள்ளவில்லை. பீட்டர் குரல்னிக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைப் பற்றி எழுதிய இரண்டு பாகங்கள் வேறு ரகம். முதல் பாகம் 'லாஸ்ட் டிரெய்ன் டு மெம்பிஸ்' மட்டும் படித்தாலும் போதும். 1954 ஜூலையில் ஒலிப்பதிவில் ஒன்றும் சரிவராமல் களைத்து, இடைவேளையில் எல்விஸும் கூட வாசித்த பையன்களும் விளையாட்டாக 'தட்ஸ் ஆல் ரைட்' வாசிக்க, என்னடா செய்கிறீர்கள் என்று ஒலிப்பதிவுக்கூடத்தின் சொந்தக்காரர் சாம் ஃபிலிப்ஸ் எட்டிப் பார்க்கும் இடத்தை நான் நாலைந்து முறை படித்திருக்கிறேன். எங்களுக்கே தெரியவில்லை என்கிறார்கள். சரி, முதலிலிருந்து வாசியுங்கள் என்கிறார்.

கே: ஆங்கிலம் மெதுவாகத்தான் படிப்பேன்...

ப: ஒலிநூல் கேளுங்கள். பாட்டி ஸ்மித், 'பார்ன் டு ரன்' எழுதிய ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் இருவரும் தங்கள் புத்தகத்தைத் தாங்களே வாசித்திருக்கிறார்கள். ஸ்ப்ரிங்ஸ்டீன் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லும் பகுதிகளை மட்டும் பஸ்ஸில் கேட்காதீர்கள். நான் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினேன்.