அடுத்தவர் ஏபிஐயை நம்பி ஆப் எழுதலாமா? கேள்வி பதில்

ஏபிஐ என்பது நம் நிரல் இன்னொருவருடைய சேவையிடம் இணையம் வழியாகத் தரவு கேட்டு வாங்கும் வழி. அப்படி இலவசமாகக் கிடைக்கும் வெப் சர்வீஸ்களைத் தேடி எடுத்துப் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: அண்ணா, இது என் முதல் ப்ராஜெக்ட், ஒரு வானிலை ஆப். ஏபிஐ எங்கே தேடுவது? கூகுளில் போட்டால் நூறு வருகிறது, எதை நம்புவது?

பதில்: நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 'பப்ளிக் ஏபிஐஸ்' என்று ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. ஏபிஐ கீ (கேட்பவர் யார் என்று காட்டும் ரகசியக் குறியீடு) வேண்டுமா, எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) உண்டா, பிரவுசரிலிருந்து நேரடியாக அழைக்க முடியுமா என்று ஒவ்வொரு சேவைக்கும் எதிரே போட்டிருப்பார்கள். ஆனால் அதை டெலிபோன் டைரக்டரி மாதிரி மட்டும் பாருங்கள். எண் இருக்கும், ஆள் வீட்டைக் காலி செய்திருப்பார். அதனால் சேவையின் சொந்தப் பக்கத்துக்குப் போய், கடைசியாக எப்போது மாற்றம் செய்தார்கள், நடத்துவது யார், அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மூன்றாவதற்கு விடை கிடைக்காத சேவையை நான் விளையாட்டு ப்ராஜெக்ட்டுக்கு மட்டும்தான் எடுப்பேன்.

உங்களுக்கு ஓப்பன்-மீட்டியோ என்ற வானிலைச் சேவை போதும். வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு கீ கூட வேண்டாம். அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் ஜேசன் (நிரல்கள் எளிதாகப் படிக்கும் தரவு வடிவம்) வந்துவிடும். ஒரு வரி கோடு எழுதும் முன் கர்ல் என்ற கமாண்ட் லைன் கருவியை வைத்து அழைத்து, வருவதை முழுசாகப் படியுங்கள். இன்னொரு வானிலைச் சேவையான ஓப்பன்வெதர்மேப்பில் அலகு சொல்லாமல் கேட்டால் வெப்பநிலை கெல்வினில் வரும். 300.15 என்று பார்த்துப் பதறாதீர்கள், அது 27 டிகிரி செல்சியஸ்தான்.

கேள்வி: சார், நாங்கள் படித்த காலத்தில் யுடிடிஐ, டபிள்யூஎஸ்டிஎல் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். அதெல்லாம் எங்கே போயிற்று?

பதில்: தேர்வில் நானும் எழுதியிருக்கிறேன்! 2000இல் மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், அரிபா மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது யுடிடிஐ. உலகத்துச் சேவைகள் எல்லாம் ஒரு பொதுப் பதிவேட்டில் இருக்கும், உங்கள் நிரல் தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும் என்பது கனவு. அந்தப் பொதுப் பதிவேட்டை 2006 ஜனவரியில் மூடிவிட்டார்கள். முன்பின் தெரியாத சேவையை நிரல் தேர்ந்தெடுக்கட்டும் என்று எந்த நிறுவனம் விடும்? ராத்திரி இரண்டு மணிக்கு அது விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது பதிவேட்டில் இருக்காதே. 2005இல் வந்த புரோகிராமபிள்வெப் மனிதர்கள் புரட்டிப் பார்க்கும் டைரக்டரியாகப் பல வருடம் ஓடியது. அதுவும் இன்று இல்லை.

ஒரு சேவையை எப்படி அழைப்பது, என்ன திரும்பி வரும் என்று விவரித்தது டபிள்யூஎஸ்டிஎல். அந்த வேலையை இன்று ஓப்பன்ஏபிஐ கோப்பு செய்கிறது. ஸ்வாக்கர் என்ற பெயரில் பிறந்து, 2015இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்தது. ஒரு சேவை அந்தக் கோப்பைக் கொடுத்தால் போஸ்ட்மேன் என்ற ஏபிஐ சோதனைக் கருவியில் ஏற்றி உடனே சோதிக்கலாம், சேவையை அழைக்கும் கிளையன்ட் கோடையும் அதிலிருந்தே உருவாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: முகவரி தேடும் பெட்டிக்கு, எல்லோரும் சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் நாமினாட்டிம் சேவையைப் போட்டேன். தட்டத் தட்டப் பரிந்துரை வருகிற மாதிரி. இரண்டு நாள் அருமையாக ஓடியது, அப்புறம் தடை செய்துவிட்டார்கள். என்ன தப்பு?

பதில்: தட்டத் தட்ட வருவதுதான் தப்பு. அவர்களுடைய பயன்பாட்டு விதியில் ஆட்டோகம்ப்ளீட் கூடாது என்று நேராகவே எழுதியிருக்கிறது. நொடிக்கு ஒரு ரிக்வெஸ்ட்தான் உச்சவரம்பு; அதுவும் ஒரு பயனருக்கு அல்ல, உங்கள் ஆப்பின் மொத்தப் பயனர்களுக்கும் சேர்த்து. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து எழுத்துள்ள தெருப் பெயரை ஒருவர் தட்டினால் பத்து ரிக்வெஸ்ட். ஒரே நேரத்தில் இருபது பேர் தட்டினால் சில நொடிகளில் இருநூறு. நன்கொடையில் ஓடும் சர்வர் அது, பாவம்.

'தேடு' பொத்தானை அழுத்தினால் மட்டும் ரிக்வெஸ்ட் போகட்டும். ஒருமுறை கிடைத்த விடையை உங்கள் டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளுங்கள், தெருக்கள் நாளைக்கே இடம் மாறப் போவதில்லை. ரிக்வெஸ்ட்டோடு போகும் யூசர்-ஏஜென்ட் ஹெடரில் (கேட்பது எந்த நிரல் என்று சொல்லும் வரி) உங்கள் ஆப்பின் பெயரைப் போடுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு நன்றி வரி திரையில் தெரிய வேண்டும். பரிந்துரை இல்லாமல் முடியவே முடியாது என்றால், நாமினாட்டிம் திறமூலம்தானே, விதிகள் உங்கள் கையில் இருக்கும்படி உங்கள் சொந்த சர்வரிலேயே நிறுவுங்கள். இல்லையென்றால் அதற்கென்றே காசு வாங்கும் சேவைக்குப் போங்கள்.

கேள்வி: அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் நிலநடுக்கத் தரவை வரைபடத்தில் போட்டால் புள்ளிகள் எல்லாம் சம்பந்தமில்லாத இடத்தில் விழுகின்றன.

பதில்: அந்தத் தரவு வரும் ஜியோஜேசன் வடிவத்தில் முதலில் தீர்க்கரேகை, பிறகுதான் அட்சரேகை. லீஃப்லெட் போன்ற வரைபட நூலகங்கள் பல இடங்களில் தலைகீழாகக் கேட்கும். மூன்றாவதாக வரும் எண் ஆழம், கிலோமீட்டரில். நேரம் மில்லிநொடியில் வரும், நொடி என்று நினைத்து ஆயிரத்தால் பெருக்கிவிடாதீர்கள்.

கேள்வி: போஸ்ட்மேனில் வேலை செய்கிறது, பிரவுசரில் மட்டும் சிஓஆர்எஸ் பிழை. அப்படியே இன்னொன்று: ஏபிஐ கீயை ஜாவாஸ்கிரிப்டில் எப்படி ஒளித்து வைப்பது?

பதில்: இரண்டுக்கும் ஒரே மருந்து. நடுவில் உங்கள் சொந்த சர்வரில் ஒரு சின்ன இடைத்தரகர். சிஓஆர்எஸ் என்பது ஒரு தளத்தின் பக்கம் வேறு தளத்தின் தரவைப் படிக்கலாமா என்று பார்க்கும் விதி. அந்தத் தடையைப் போடுவது பிரவுசர், போஸ்ட்மேனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கீயை ஜாவாஸ்கிரிப்டில் ஒளிக்கவே முடியாது. நான் ஒருமுறை கீயோடு கோடை கிட்டில் (ஒவ்வொரு மாற்றத்தையும் 'கமிட்' என்று சேமித்து வைக்கும் கருவி) புஷ் செய்துவிட்டு, அடுத்த கமிட்டில் அதை அழித்து, தப்பித்தோம் என்று தூங்கப் போனேன். பழைய கமிட்டில் அது அப்படியே உட்கார்ந்திருந்தது. காலையில் அந்த மாத ஒதுக்கீடு முழுவதும் காலி. வெளியே போன கீயை அழிப்பதில் பயனில்லை. ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

கேள்வி: ஏபிஐயிலிருந்து அடிக்கடி 429 என்ற பிழை எண் வருகிறது. வந்தால் உடனே மறுபடி முயலும்படி லூப் போட்டிருக்கிறேன், சரியா?

பதில்: ஐயோ, அந்த லூப்பை முதலில் எடுங்கள். 'மெதுவாக வா' என்பதுதான் 429. பதிலோடு ரிட்ரை-ஆஃப்டர் ஹெடர் (எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று சொல்லும் வரி) இருந்தால் அத்தனை நொடி பொறுங்கள். இல்லையென்றால் 1, 2, 4, 8 நொடி என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள், கூடவே கொஞ்சம் தற்செயல் தாமதம். கிட்ஹப்பில் லாகின் இல்லாமல் மணிக்கு 60 ரிக்வெஸ்ட், டோக்கன் வைத்தால் 5,000. அங்கே முன்பு வாங்கிய ஈடேகை (தரவின் பதிப்பைக் காட்டும் அடையாளம்) திருப்பி அனுப்பிக் கேட்டால், தரவு மாறாதபோது 'மாற்றமில்லை' என்னும் 304 வரும். டோக்கனோடு கேட்ட 304 அந்த உச்சவரம்புக் கணக்கில் சேராது.

கேள்வி: நாளைக்கே சேவையை மூடிவிட்டால் என் ஆப் என்னாகும்?

பதில்: டார்க் ஸ்கை எல்லோரும் ஆசைப்பட்டுப் பயன்படுத்திய வானிலை ஏபிஐ. 2020 மார்ச்சில் ஆப்பிள் வாங்கியது, 2023 மார்ச் 31உடன் ஏபிஐ நின்றது. மூன்று வருட அவகாசம் என்பது தாராளம்.

உங்கள் கோடில் எத்தனை கோப்புகளில் அந்தச் சேவையின் பெயர் வருகிறது என்று தேடுங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் தப்பித்தீர்கள். 'இந்த இடத்தின் வானிலையைக் கொடு' என்று உங்கள் சொந்தப் பெயரில் ஒரு ஃபங்ஷன். அதன் உள்ளேதான் அவர்களுடைய யுஆர்எல், ஃபீல்டு பெயர், அலகு மாற்றம் எல்லாம். வெளியே வருவது உங்கள் வடிவத்தில் செல்சியஸ், மழை அளவு, நேரம். அதே ஃபங்ஷன் கடைசியாக வந்த நல்ல விடையையும் வைத்திருக்கட்டும். அந்தப் பக்கம் விழுந்தால் 'இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம்' என்று காட்டலாம். வெற்றுத் திரையைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: ஒரு தளத்துக்கு ஏபிஐ இல்லை. ஆனால் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் பார்த்தால் உள்ளே ஜேசன் வருகிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அது அவர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டது. ஃபீல்டு பெயர் எந்த நாளும் மாறும், யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். விதிமுறைகளில் தடை இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். நான் மூன்று இடத்தில் கேட்டேன். ஒருவர் பதிலே போடவில்லை, ஒருவர் மறுத்துவிட்டார், மூன்றாமவர் தினமும் காலையில் ஒரு சிஎஸ்வி கோப்பை (அட்டவணைத் தரவு) போட்டு வைக்கிறார்.