“உன் பிள்ளையே வேனில் போகிறான், நீ பேசலாமா?”

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இப்போது 9 பிள்ளைகள்தான். வரும் ஜூனில் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நடுநிலைப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்கிறார்கள். நடுவில் நான்குவழிச் சாலை. கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம், பதில் வரவில்லை. மகள் இங்கே இரண்டாம் வகுப்பு. மூத்தவன் தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு. “உன் பிள்ளையே வேனில் போகிறான், நீ பேசலாமா?” என்று ஊரில் கேட்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது. விலகிவிடட்டுமா? – ஒரு வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: விலகாதீர்கள் அம்மா. உங்கள் மகள் அங்கே படிக்கிறாள், பேச அது போதும். ஆனால் அந்தக் கேள்வியைக் குத்தலாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கு வட்டாரக் கல்வி அலுவலரும் இதையேதான் வேறு மாதிரி கேட்பார். அவர் கையில் இருக்கும் கோப்பில் உங்கள் ஊரும் தெரியாது, வேப்பமரமும் தெரியாது. 9 என்ற எண் மட்டும்தான் தெரியும்.

2019-ல் தமிழ்நாட்டில் ஒரு பிள்ளைகூட இல்லாத தொடக்கப் பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகமாக்கினார்கள். புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூரிலும் அப்படி ஆனது. ஊர்க்காரர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள், பள்ளியை மறுபடி திறந்தார்கள். மனுவைவிட வருகைப் பதிவேடு பலமாகப் பேசும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

அதனால் முதலில் அங்கன்வாடிக்குப் போங்கள். ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வரவேண்டிய பிள்ளைகள் யார் யார் என்று அந்தப் பணியாளருக்கு அத்துப்படி. வேன் பிடித்து, முன்பணம் கட்டிய பிறகு யாரும் மனம் மாற மாட்டார்கள். ஆகவே இப்போதே, தலைமை ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்காருங்கள். “ஏன் அங்கே சேர்க்கவில்லை?” என்று குற்றம் சாட்டுகிற மாதிரி கேட்க வேண்டாம். “என்ன இருந்தால் சேர்ப்பீர்கள்?” என்று கேளுங்கள். கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்பார்கள், ஆங்கிலம் வராது என்பார்கள், ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் பார்க்கிறார் என்பார்கள். எல்லாம் நியாயமான கவலைதான். சரிசெய்ய முடிந்ததை முதலில் சரிசெய்யுங்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு 2023 முதல் உண்டு. விடியற்காலையில் வேலைக்கு ஓடும் தாய்மாரிடம் அதைச் சொல்லுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டைக் காட்டி ஆசை காட்ட வேண்டாம். அது ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. தவறாகச் சொல்லிச் சேர்த்த பிள்ளை அடுத்த வருடமே போய்விடும்.

அப்புறம் சட்டம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளின்படி, ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். உங்கள் பலம் இதுதான். ஆனால் தூரத்தைப் பள்ளியிலிருந்து பள்ளிக்கு அளக்காதீர்கள். ஊரின் கடைசி வீட்டு வாசலிலிருந்து அளங்கள். காலை எட்டரை மணிக்கு அந்தச் சாலையை ஆறு வயதுப் பிள்ளை எப்படிக் கடக்கும் என்பதைப் போனில் படம் எடுங்கள். உத்தரப் பிரதேசத்தில் 2025-ல் சிறிய பள்ளிகளை இணைக்க ஆரம்பித்தபோது பெற்றோர் நீதிமன்றம் வரை போனார்கள். கடைசியில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பள்ளிகளை இணைக்க மாட்டோம் என்று அந்த அரசே அறிவித்தது. தூரம் அவ்வளவு முக்கியமான வாதம்.

அந்தச் சட்டப்படியே பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் தலைவரும் ஒரு பெற்றோர்தான். பல ஊர்களில் கையெழுத்து வாங்குவதோடு அந்தக் குழு முடிந்துவிடுகிறது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். குழுவைக் கூட்டி, இணைப்பு வேண்டாம் என்று காரணத்தோடு தீர்மானம் எழுதுங்கள். அடுத்த கிராம சபையிலும் அதையே தீர்மானமாக்குங்கள். இரண்டின் நகலையும் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாயால் சொன்ன பதிலை நம்பி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். “ஆட்டோ ஏற்பாடு செய்கிறோம்” என்றால், யார் பணம் தருவார்கள், எத்தனை வருடம் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் போராடலாம் என்று யாராவது கிளம்புவார்கள். வரவே குறைவாக இருக்கும் பள்ளியில் அது எதிர்த்தரப்புக்கு நீங்களே ஆதாரம் எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

உங்களிடம் மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். நடுவில் அந்தச் சாலை மட்டும் இல்லாமல், கூப்பிடு தூரத்தில் நல்ல பள்ளி இருந்திருந்தால், சேர்ந்து போவதே நல்லது என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஒன்பது பிள்ளைகளில் உங்கள் மகளின் வகுப்பில் எத்தனை பேர்? கூட விளையாட, போட்டி போட்டுப் படிக்க ஆள் வேண்டும். கட்டடத்தைக் காப்பாற்றுவதைவிட, அவளுக்குத் துணை சேர்ப்பதை நினைத்து வீடு வீடாகப் போனால் உங்கள் பேச்சும் வேறாக இருக்கும்.

மூத்தவன் விஷயம். ஊர் வாயை அடைக்க அவனைப் பிடுங்கி நட வேண்டாம். தொடக்கப் பள்ளியில் அவனுக்கு இன்னும் ஒரு வருடம்தான். ஒரு சனிக்கிழமை அவனையும் தங்கையையும் அந்த ஆசிரியரிடம் உட்கார வைத்துப் பாருங்கள். அவனுக்குப் பிடித்து, ஆசிரியரும் நம்பிக்கையாகச் சொன்னால் ஜூனில் மாற்றுங்கள். பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். யாராவது கேட்டால், “பெரியவனை அங்கே சேர்த்தபோது இந்தப் பள்ளி எனக்குத் தெரியாது, சின்னவளைச் சேர்த்த பிறகுதான் தெரிந்தது” என்று உள்ளதைச் சொல்லுங்கள். அங்கன்வாடியில் எத்தனை பெயர் கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள்.