வீங்கிய மார்பகத்துக்குக் கான்ட்ராஸ்ட் மேமோகிராம்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: ஒரு பக்க மார்பகம் மட்டும் வீங்கிக் கனக்கிறது. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்த பிறகு, "தெளிவாக இல்லை, கான்ட்ராஸ்ட் போட்டு எடுங்கள்" என்கிறார்கள். முதல் படத்தைச் சரியாக எடுக்கவில்லையா?

படத்தில் குறை இல்லை. வீக்கம் என்றால் திசுவுக்குள் நீர் கோத்திருக்கிறது. எக்ஸ்ரேயில் நீரும் வெள்ளை, சுரப்பியும் வெள்ளை, கட்டியும் வெள்ளை, இதில் எதை எங்கே தேடுவது? அதனால்தான் அயோடின் கலந்த மருந்தைக் கை நரம்பில் ஏற்றி, சுமார் 2 நிமிடம் விட்டு, அப்புறம் எடுக்கிறோம். மார்பகத்தை ஒருமுறை அழுத்தினால் இரண்டு படம்: ஒன்று குறைந்த ஆற்றலில், மற்றொன்று அதிக ஆற்றலில். எக்ஸ்ரேயின் ஆற்றல் 33 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியதும் அயோடின் அதைச் சட்டென்று கூடுதலாக உறிஞ்சும், அந்த வித்தியாசத்தை வைத்துக் கணினி சாதாரணத் திசுவைக் கழித்துவிடும். திரையில் குறைந்த ஆற்றல் படத்தையும் கழித்து வந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இடப்பக்கம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெண்மை, தோல் ஓரம் தடித்து நிற்கும். வலப்பக்கம் அதே மார்பகம் சாம்பல் நிறத்தில் அடங்கிப்போய், நடுவில் மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று மட்டும் பளிச்சென்று தெரியும். புற்றுநோய் தனக்கென்று புதிய ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்ளும், அவை ஒழுகும் குழாய்கள், அதனால் மருந்து அங்கே தேங்குகிறது.

கேள்வி: பளிச்சென்று தெரிந்தால் புற்றுநோய்தானா?

இல்லை. சீழ்க்கட்டியின் ஓரம், பால்கட்டி வந்த அழற்சி, சாதாரண நார்க்கட்டி எல்லாமே மருந்தை இழுக்கும். எங்கே ஊசி வைத்துத் திசு எடுக்க வேண்டும் என்பதைப் படம் காட்டும், முடிவைச் சொல்வது அந்தத் திசுவைச் சோதிக்கும் பயாப்சி.

கேள்வி: கான்ட்ராஸ்ட் படத்தில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ஆனால் 3 வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் சிவப்பும் வீக்கமும் அப்படியே இருக்கின்றன. காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். இந்தப் பதிலை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அழற்சி மார்பகப் புற்றுநோய் என்று ஒரு வகை உண்டு, அதில் பல நேரம் கட்டியே இருக்காது. புற்றணுக்கள் தோலின் நிணநீர்க் குழாய்களை அடைத்துக்கொள்வதால்தான் மார்பகம் சிவந்து, சூடாகி, ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி குழிகுழியாகிறது. பார்த்தால் கிருமித் தொற்று போலவே இருக்கும். மருந்து கொடுத்து ஓரிரு வாரத்தில் தணியவில்லை என்றால் தோலிலிருந்தே ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும், அக்குளையும் அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும். படம் சுத்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள்: "தோல் பயாப்சி தேவையா?" (இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கினால் கதை வேறு, அப்போது இதயம், சிறுநீரகம் பக்கமும் பார்க்க வேண்டும்.)

கேள்வி: கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பிறகு வீக்கம் இருக்கிறது. இது இயல்பா?

பெரும்பாலும் இயல்புதான், வடிவதற்குச் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் கூட ஆகும். குறைந்துகொண்டே வந்தது மறுபடி கூடினால்தான் கவலை. பழைய படங்களைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், அவற்றோடு ஒப்பிடாமல் சொல்லும் முடிவுக்குப் பாதி மதிப்புதான்.

கேள்வி: இறால் சாப்பிட்டால் தடிப்பு வரும். அயோடின் ஊசி போடலாமா?

போடலாம். இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் அல்ல. ஆனால் முன்பு சி.டி. ஸ்கேனுக்குப் போட்ட கான்ட்ராஸ்ட் ஊசியில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள், எம்.ஆர்.ஐ.க்கு மாற்றலாம், அங்கே பயன்படுத்துவது வேறு மருந்து. சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தட்டும். அது ஒவ்வாமை இல்லை, சீக்கிரம் அடங்கிவிடும்.

கேள்வி: தாய்ப்பால் கொடுக்கிறேன், நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். ஏற்றிய மருந்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் பாலில் சேரும், குழந்தையின் குடல் அதிலும் மிகச் சிறிதளவையே உறிஞ்சும். பரிசோதனைக்கு முன் பால் கொடுத்துவிட்டு வாருங்கள், மார்பகம் லேசாகும், படமும் தெளிவாக வரும்.

கேள்வி: தொட்டாலே வலிக்கிறது, எப்படி அழுத்துவது?

வலிக்கும், அதை மறைக்க மாட்டேன். படம் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், மெதுவாக அழுத்துவார், நீங்கள் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார். அசையாமல் இருப்பதுதான் முக்கியம், இரண்டு படத்துக்கும் நடுவில் அசைந்தால் கழித்தல் பிசகிவிடும்.