நரம்பு நெளியாது

மீனின் வயிற்றைக் கிழித்ததும் ஈரலை ஒட்டி வெள்ளை நூல்கள் சுருண்டு கிடந்தன, விற்றவரைக் கேட்டால் "அது நரம்பு, கழுவிட்டுச் சமைங்க" என்கிறார், இது என்ன புழு, மீனைத் தூக்கிப் போடணுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நரம்புக் கதை எல்லா இடத்திலும் ஓடுகிறது. ஊசி முனையால் சுருளைப் பிரித்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் போடுங்கள், உறையவைக்காத மீன் என்றால் பெரும்பாலும் நெளிய ஆரம்பித்துவிடும். கொசுவத்தி மாதிரி தட்டைச் சுருள், நீட்டினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர், வெள்ளை நிறம் என்றால் அனேகமாக அனிசாகிஸ் என்ற உருளைப்புழுவின் இளம்புழு. அதைவிடப் பெரிதாகச் செம்பழுப்பில் சதைக்குள் இருந்தால் சூடோடெர்ரனோவா என்ற இன்னொரு உருளைப்புழுவாக இருக்கலாம். சினைப்பையில் ரத்தச் சிவப்பாக நீண்டு கிடப்பது பிலோமெட்ரா என்ற புழு, பார்க்கத்தான் பயங்கரம்.

இதற்கு மேல் கண்ணால் இனம் பிரிக்க முடியாது, டிஎன்ஏ பார்க்க வேண்டும். போட்டோ அனுப்புங்க, சரியான பெயர் சொல்றேன் என்று காசு கேட்கும் ஆட்களிடம் சிக்காதீர்கள். லேபுக்குக் கொடுப்பதானால் புழுவை எத்தனாலில் போடுங்கள், ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். இவ்வளவு செய்தாலும் "உருளைப்புழு: உண்டு" என்று ஒற்றை வரி ரிப்போர்ட் வரும். அது உண்டு என்று தெரிந்துதானே கொண்டுபோனோம்!

மீனைத் தூக்கிப் போட வேண்டாம். குடலைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள், மீன் செத்தபின் சில புழுக்கள் சதைக்குள் நகரும். வயிற்றுச் சதையை வெட்டி எறியுங்கள். சதையின் நடுவில் 60 டிகிரி சூடு 1 நிமிடம் நின்றால் புழு செத்துவிடும். எலுமிச்சை, வினிகரை நம்பிப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம், "ஃப்ரெஷ் மீன், புழுவே இருக்காது" என்பதையும் நம்ப வேண்டாம். பச்சையாகத்தான் வேண்டும் என்றால் ஐரோப்பிய விதி மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைக்கக் கேட்கிறது, அமெரிக்க உணவு மருந்துத் துறையான எஃப்டிஏ அதே குளிரில் 7 நாள் என்கிறது. வீட்டு ஃப்ரீசர் பல நேரம் அந்தக் குளிரை எட்டாது.

ஒரு விஷயம் மட்டும் வேறு. அலர்ஜி. அனிசாகிஸ் அலர்ஜி உள்ளவருக்குச் செத்த புழுவே போதும், அதன் சில புரதங்கள் சூட்டைத் தாங்கும், உறையவைத்தாலும் போகாது. அதனால் நன்றாக வெந்த மீனைச் சாப்பிட்ட பிறகும் உடம்பு தடித்து அரித்தால், அதே மீன் வேறு நாள் ஒத்துக்கொண்டால், டாக்டரிடம் அனிசாகிஸ் என்று பெயர் சொல்லியே டெஸ்ட் கேளுங்கள். கேட்காவிட்டால் "மீன் அலர்ஜி" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். மூச்சு திணறினால் டெஸ்ட் எல்லாம் அப்புறம், நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.