மார்பகத்தில் கட்டி எதுவும் இல்லை, வயது 42. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அவசியமா, அல்ட்ராசவுண்ட் போதாதா?

ஸ்கிரீனிங் என்பதே தொந்தரவு இல்லாதவர்களுக்கான பரிசோதனைதான். எப்போது தொடங்குவது என்பதில் நாட்டுக்கு நாடு கருத்து மாறும். அமெரிக்காவின் 2024 பரிந்துரை 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பிரிட்டனில் 50 வயதுவாக்கில் தொடங்கி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. 42 வயதில் எடுப்பது நியாயமான முடிவே.

அல்ட்ராசவுண்ட் மட்டும் போதாது. சில புற்றுநோய்கள் கட்டியாகத் திரளும் முன்பே உப்புத்தூள் மாதிரி நுண்ணிய கால்சியம் புள்ளிகளாகத் தெரியும். அவற்றைக் காட்டுவது மேமோகிராம்தான். அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் மார்பகத் திசு அடர்த்தியாக இருந்தால் மேமோகிராம் திணறும்: படத்தில் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அப்போது கூடுதலாக அல்ட்ராசவுண்ட் கேட்பார்கள். மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும், இளவயதில் நெஞ்சில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கும் கணக்கே வேறு. அவர்களுக்கு இளவயதிலேயே எம்ஆர்ஐ தொடங்கும்.

மாதவிலக்கு முடிந்த வாரத்தில் தேதி வாங்குங்கள், வலி குறையும். அன்று அக்குளில் டியோடரன்ட், பவுடர் வேண்டாம். அதிலுள்ள துகள்கள் படத்தில் கால்சியம் புள்ளி போலவே விழுந்து வீண் குழப்பம் தரும். மேல்சட்டை தனியாக இருக்கும் உடை வசதி. ஒவ்வொரு மார்பகத்தையும் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் சாய்வாக ஒன்று என இரண்டு படம் எடுப்பார்கள். தட்டு அழுத்துவது சில நொடிகள்தான். அழுத்தினால்தான் திசு பரவி, ஒன்றின் பின் ஒன்று ஒளியாது; கதிர்வீச்சும் குறைவாகவே தேவைப்படும். மூச்சை அடக்கி அசையாமல் நில்லுங்கள், அசைந்தால் படம் மங்கி மறுபடி எடுக்க நேரிடும்.

ரிப்போர்ட்டில் பைராட்ஸ் எண்ணைப் பாருங்கள்; படத்தில் தெரிந்ததை வகைப்படுத்திச் சொல்லும் எண் அது. 0 என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, கூடுதல் படமோ பழைய படமோ தேவை என்றுதான் பொருள். (இந்தப் பூஜ்யத்தைப் பார்த்துத்தான் பலர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.) 1, 2 கவலையில்லை. 3 என்றால் வழக்கமாக ஆறு மாதத்தில் மறுபடி படம். 4, 5 என்றால் ஊசி பயாப்ஸி (ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதிப்பது), அதைத் தள்ளிப்போடாதீர்கள். 4 வந்தவர்களிலும் பலருக்குப் புற்றுநோய் இருக்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே மார்பகத்தில் கட்டி, தோலில் குழி, காம்பு புதிதாக உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு தென்பட்டால், போன மாத ரிப்போர்ட் நார்மல் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மேமோகிராமில் தெரியாத புற்றுநோயும் உண்டு. உடனே மருத்துவரைப் பாருங்கள், பழைய ஃபிலிமையும் சிடியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.