ரன்னிங் பேக் அணி மாறினால் கைமாற்றிவிட வேண்டுமா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து (NFL) ஃபேன்டசி லீக்கில், அதாவது நிஜ வீரர்களைத் தேர்ந்து அவர்கள் ஆட்டத்துக்கேற்பப் புள்ளி பெறும் போட்டியில், என் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) சோன் பிளாக்கிங் என்ற தடுப்பு முறையை ஆடும் அணியிலிருந்து பவர் என்ற முறையை ஆடும் அணிக்குப் போய்விட்டார். ‘இனி அவர் ஓடமாட்டார், உடனே கைமாற்றுங்கள்’ என்று நான் சந்தா கட்டும் ஆலோசனைப் பட்டியல் சொல்கிறது. செய்யலாமா?

பதில்: இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் கைமாற்ற வேண்டாம்.

பவர் ஓட்டத்தில் பாதை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். வலப்பக்கம் ஓடுவதென்றால், வலப்பக்க லைன்மேன்கள் (முன்வரிசையில் நின்று எதிரிகளைத் தடுக்கும் ஐவர்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள்) எதிரிகளை உட்புறமாக நெருக்குவார்கள். ஃபுல்பேக் (ரன்னிங் பேக்குக்கு முன்னே போய்த் தடுப்பவர்) ஓரத்தில் நிற்கும் எதிரியை வெளியே தள்ளுவார். இடப்பக்கக் கார்டு தன் இடத்தை விட்டு வரிசையின் பின்னாலேயே ஓடிவந்து, திறந்த சந்தில் முதல் ஆளாக நுழைந்து லைன்பேக்கரை (எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவரை) மோதுவார். ரன்னிங் பேக் அவர் முதுகை ஒட்டிப் போனால் போதும். சோனில் லைன்மேன்கள் ஐவரும் ஒரே திசையில் அடியெடுத்து வைத்து, அவரவர் எல்லைக்குள் வருபவரைத் தடுப்பார்கள். சந்து எங்கே விழும் என்று முன்கூட்டித் தெரியாது. ரன்னிங் பேக் பக்கவாட்டில் ஓடியபடியே பார்த்து, ஒரே ஒரு முறை திரும்பிப் பாய வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு நேரான முன்மாதிரி கிளின்டன் போர்ட்டிஸ். டென்வர் அணியின் சோன் முறையில் 2002-இல் 1,508 கெஜம், 2003-இல் 1,591 கெஜம். இரண்டு ஆண்டும் ஓட்டத்துக்குச் சராசரி 5.5 கெஜம். 2004-இல் பயிற்சியாளர் ஜோ கிப்ஸின், பவர் ஆடும் வாஷிங்டன் அணிக்கு வந்ததும் சராசரி 3.8-க்கு இறங்கியது. ‘பவர் இவருக்கு ஒத்துவராது’ என்று அப்போதே முடிவு கட்டியவர்கள், அவ்வணியின் வலப்பக்க டேக்கிள் ஜான் ஜான்சன் குதிகால் தசைநார் அறுந்து அந்த ஆண்டு முழுவதும் ஆடவில்லை என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஜான்சன் திரும்பிய 2005-இல், புதிய சென்டரும் சேர்ந்துகொள்ள, அதே போர்ட்டிஸ் அதே பயிற்சியாளரின் கீழ் 1,516 கெஜம் ஓடினார்.

இனி அந்தப் பட்டியலைப் பற்றி. எந்த ஓட்டத்தில் எந்தத் தடுப்பு முறை என்று லீக் வெளியிடுவதில்லை; ‘இடப்பக்கக் கார்டு வழியாக, நான்கு கெஜம்’ என்பதோடு அதன் பதிவு முடிந்துவிடும். தொலைக்காட்சிக் கேமராவோ பந்தைத் துரத்துகிறது. இருபத்திரண்டு பேரும் தெரியும் படத்துக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். ரசிகனை இப்படி இருட்டில் வைத்துவிட்டால், ‘சோன் 62 விழுக்காடு’ என்று எண் போட்டு விற்பவர்கள் முளைக்காமல் என்ன செய்வார்கள்? கார்டு விலகி ஓடினால் பவர், ஓடாவிட்டால் சோன் என்பதுதான் அவர்களில் பலருடைய கணக்கு.

அந்தக் கணக்கு தவறும் இடம் ‘டுவோ’ என்ற ஓட்டம். இதில் எந்தக் கார்டும் விலகி ஓடுவதில்லை. பார்வைக்கு அச்சு அசல் உட்புற சோன். ஆனால் லைன்மேன்கள் பக்கவாட்டில் நகராமல், இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு எதிரியை நேராகப் பின்னுக்குத் தள்ளுவார்கள். லைன்பேக்கரைப் பிடிக்க அவசரப்பட்டு விலக மாட்டார்கள். ரன்னிங் பேக் நடு லைன்பேக்கர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து மறுபக்கம் நுழைவார். இது பவர் குடும்பத்தைச் சேர்ந்தது. டுவோவை அதிகம் ஆடும் அணி பட்டியலில் ‘சோன் அணி’யாகிவிடும், நீங்கள் அதை நம்பி ஆளை விற்பீர்கள் அல்லது வாங்குவீர்கள்.

தொடக்க வாரங்களில் ஓட்டம் தடுமாறினாலும் பதற வேண்டாம். லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு, சீசன் தொடங்கியபின் அது முடியும்வரை கவசம் அணிந்த பயிற்சி அதிகபட்சம் 14 தான். மோதிப் பழக வேண்டிய லைன்மேன்களை இப்படி வைத்துக்கொண்டு முதல் ஆட்டத்திலேயே ஒத்திசைவை எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. ஞாயிறு ஆட்டங்களுக்கு அணிகள் புதன் முதல் வெள்ளி வரை வெளியிடும் காயப் பட்டியலை இலவசமாகவே பார்க்கலாம். அதில் கார்டு, சென்டர், டேக்கிள் ஐவரில் இருவர் பயிற்சிக்கு வரவில்லை என்றிருந்தால், அந்த வாரம் மட்டும் உங்கள் ஆளை வெளியே உட்கார வையுங்கள்.