ரயில் நின்ற பிறகும் நடைமேடை நகர்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 46. சர்க்கரை நோய் உண்டு. தினமும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்து வேலைக்குப் போகிறேன். ரயில் நின்றதும் நடைமேடை சில நொடிகள் முன்னோக்கி ஊர்வதுபோல் தெரிகிறது. தலைச்சுற்றல் இல்லை. இது நரம்புக் கோளாறா? ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குத் தெரிவது நோயல்ல, ‘இயக்கப் பின்விளைவு’. அதாவது, ஒரே திசை அசைவைத் தொடர்ந்து பார்த்த பிறகு, அசையாத பொருள் எதிர்த்திசையில் நகர்வதுபோல் தோன்றுவது. உற்றுப் பார்த்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலோர் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அருகிலிருந்த பாறையைப் பார்த்தார். பாறை மேலே ஏறியது! கண் தன்னையறியாமல் அசைவதே காரணம் என்று அவர் நினைத்தார். அது பொருந்தாது. உட்புறமாகச் சுருங்குவதுபோல் சுழலும் சுருள் கோலத்தைப் பார்த்துவிட்டு அசையாத பொருளைப் பார்த்தால், அது எல்லாப் பக்கமும் விரிகிறது. கண் ஒரே நேரத்தில் எல்லாத் திசையிலும் அசைய முடியுமா?

காரணம் மூளையில் இருக்கிறது. பார்வைக்கான பகுதிகளில் ஒவ்வொரு திசை அசைவுக்கும் தனித்தனி நரம்பணுக்கள் உண்டு. எதுவும் அசையாதபோதும் அவை கொஞ்சம் சமிக்ஞை அனுப்பியபடியே இருக்கும். எதிரெதிர்த் திசை அணுக்கள் தராசின் இரு தட்டுகள்போல. சமமாக இருந்தால் ‘அசைவில்லை’. ஜன்னலுக்கு வெளியே காட்சி தொடர்ந்து பின்னோக்கி ஓடும்போது, பின்திசை அணுக்களின் துடிப்பு குறைந்துவிடுகிறது. ரயில் நின்றதும் முன்திசைத் தட்டு தாழ்கிறது. நடைமேடை முன்னே ஊர்கிறது. ஆனால் அங்குள்ள தூண் இடம் மாறுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

நாளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளியே பாருங்கள். ரயில் நின்றதும் மூடிய கண்ணைத் திறந்து, மற்றதை மூடுங்கள். ஊர்தல் சற்று மங்கலாகத் தெரியும். இரு கண்களின் செய்தியும் சேரும் மூளைப் புறணியில் (மூளையின் மேலடுக்கு)தான் இது நடக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? நடக்கும்போது எதிரே உள்ளவை குதித்தால் (ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டவர்களில் சிலருக்கு உட்காது பாதிக்கப்பட்டு இப்படி ஆகும்), இரட்டையாகத் தெரிந்தால், அசைவு நிமிடக்கணக்கில் நீடித்தால் தாமதிக்காதீர்கள். மின்னல் பொறிகளோ திரை விழுந்ததுபோல் மறைப்போ தோன்றினால் அன்றே போங்கள். விழித்திரை விலகலாக இருக்கலாம்.

இதற்கும் உங்கள் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. ஆனால் விழித்திரைப் பரிசோதனையை ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்துகொள்கிறீர்களா? ஸ்கேனுக்கு ஒதுக்கிய பணத்தை அதற்குச் செலவிடுங்கள்.